சுவருக்குள் ஸ்மார்ட் சாக்கெட்: எங்கே பொருத்தலாம், எங்கே தவிர்க்கலாம்

சாதாரண சுவர் சாக்கெட்டில் பழுதாகக்கூடியவை மிகக் குறைவு. சில பித்தளைத் தகடுகளும் திருகுகளும் ஒரு பிளாஸ்டிக் உறையுமே அதில் உள்ளன. தரமான ஒன்றை ஒழுங்காகப் பொருத்திவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அதைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை. அதே இடத்தில் ஸ்மார்ட் சாக்கெட்டைப் பதித்து, வைஃபை சிப், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிறு பவர் சப்ளை, யூஎஸ்பி சார்ஜர் ஆகியவற்றையும் அடைத்துவிட்டால், வீட்டின் வயரிங்கோடு சேர்ந்து வாழவேண்டிய பொருள் சில ஆண்டுகளில் காலாவதியாகும் பொருளோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. வாங்குவது பற்றிய முடிவை இந்த ஆயுள் வேறுபாட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, அந்த சாக்கெட்டிடம் எதிர்பார்க்கும் வேலை என்ன என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். நேரம் குறித்து அணைப்பது, மின்செலவை அளப்பது, வெளியிலிருந்து கட்டுப்படுத்துவது ஆகிய மூன்றையும் சாக்கெட்டில் செருகும் ஸ்மார்ட் பிளக்கே செய்துவிடும். பழுதானால் கழற்றி மாற்றவும் எலெக்ட்ரீஷியன் தேவையில்லை. சுவருக்குள் பதிப்பதற்கு உண்மையான நன்மைகள் வேறு. மேசைக்கோ அலமாரிக்கோ பின்னால் இடம் குறைவாக இருக்கும்போது எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது; குழந்தைகள் பிடுங்க முடியாது; செருகுமிடம் ஒன்று குறைவதால், தளர்ந்து சூடாகக்கூடிய இணைப்பும் ஒன்று குறைகிறது. இவற்றில் ஒன்றேனும் உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் மேலே செல்லுங்கள்.

அடுத்து, அங்கே எந்தக் கருவி இயங்கப்போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 10 அல்லது 16 ஆம்பியர் என்ற அளவு பெரும்பாலும் ஹீட்டர் போன்ற எளிய மின்சுமைக்கே பொருந்தும். மோட்டாரும் கம்ப்ரஸரும் தொடங்கும் கணத்தில் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. எல்இடி விளக்குகளின் டிரைவர்களும் கணினிகளின் பவர் சப்ளைகளும் இன்னும் குறுகிய கணத்தில் அதையே செய்கின்றன. இந்த அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பத் தாங்கும் ரிலேயின் தொடுமுனைகள் ஒருநாள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்போது போனில் உள்ள செயலி ‘அணைந்துவிட்டது’ என்று காட்டும், கருவியோ ஓடிக்கொண்டேயிருக்கும். தண்ணீர் மோட்டார், ஏசி போன்றவற்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தனி கான்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும் ரிலே போன்ற சுவிட்ச்) வழியாக இயக்கி, ஸ்மார்ட் சாதனம் அந்த கான்டாக்டரை இயக்கும் காயிலை (கம்பிச்சுருளை) மட்டும் கட்டுப்படுத்தும்படி அமைப்பதே சரி. அறை ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் யாரும் பார்க்காதபோது தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடு எந்த வீட்டிலும் வேண்டாம். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பியதும் சாக்கெட் எந்த நிலைக்கு வரவேண்டும் என்ற அமைப்பையும் செயலியில் தேடிப் பாருங்கள். சூடாகும் கருவிகளுக்கு அது ‘அணைந்த நிலை’ என்றே இருக்கவேண்டும்.

வெப்பம் பலரும் கவனிக்காத விஷயம். மூடிய சுவர்ப் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. பவர் சப்ளையில் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுளோ வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் ஏறத்தாழப் பாதியாகிறது. எதுவும் செருகாதபோதும் சாக்கெட் சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டேயிருக்கும். ஒன்றுக்கு 1 வாட் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8.8 யூனிட், இருபது சாக்கெட்டுக்கு 175 யூனிட். சேமிப்பதற்காக வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போடவேண்டும்.

நிறுவனத்தின் சர்வரை நம்பியே இயங்கும் சாதனத்தைச் சுவரில் பதிக்காதீர்கள். சுவர் சுவிட்சுகளும் சாக்கெட்டுகளும் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றபோது, வாடிக்கையாளர்களின் செயலிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்கக்கூடிய ஸிக்பீ, இஸட்-வேவ் என்ற கம்பியில்லாத் தொடர்பு முறைகளை, அல்லது 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் என்ற பொதுத் தரத்தை ஏற்கும் சாதனங்களைத் தேர்ந்தெடுங்கள். வாங்கியவுடன், திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள், ரவுட்டரை இயக்கத்தில் வைத்துக்கொண்டே இணைய இணைப்பை மட்டும் துண்டித்து, சாக்கெட் கட்டளைக்குப் பணிகிறதா என்று சோதியுங்கள். சாதனத்திலேயே கையால் அழுத்தும் பொத்தான் இருப்பது கட்டாயம். உலோகப் பெட்டி ரேடியோ அலையைத் தடுக்கும் என்பதால், சாதனத்தைப் பெட்டிக்குள் வைத்தே சிக்னலைப் பாருங்கள்.

யூஎஸ்பி சார்ஜர் உள்ள சாக்கெட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பழைய யூஎஸ்பி-ஏ துளைகளோடு பதிக்கப்பட்டவை இன்றைய போன்களுக்கு மெதுவாகவே மின்னூட்டுகின்றன; 2021இல் வந்த பவர் டெலிவரி 3.1 என்ற யூஎஸ்பி மின்னூட்டத் தரமோ 240 வாட் வரை அனுமதிக்கிறது. தரம் மாறும்போது அடாப்டரை மாற்றுவது எளிது, சுவரை மாற்றுவது எளிதல்ல.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. ஆழமான பெட்டி வைத்து, சாதாரண சாக்கெட்டின் பின்னால் தனி ரிலே மாட்யூல் பொருத்தினால், அது பழுதாகும் நாளில் வயரை நேராக இணைத்து சாக்கெட்டைப் பழையபடி பயன்படுத்தலாம். மாட்யூலுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். அது பெட்டிக்குள் வருகிறதா என்பதை வயரிங் போடும்போதே உறுதிசெய்யுங்கள். வேலையைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை (வயர்களின் உறையில் மின்கசிவு உண்டா என்ற சோதனை) செய்வதற்கு முன் ஸ்மார்ட் சாதனங்களைக் கழற்றிவிடுமாறு அவரிடம் சொல்லுங்கள். இல்லையெனில் உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்கள் சேதமடையலாம். பல மாடல்களில் ரிலே ஃபேஸ் வயரை மட்டுமே துண்டிக்கிறது. வயர்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் நடப்பதில்லை. ஆதலால், செயலியில் அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் எந்த இணைப்பையும் தொடாமல், எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்கவேண்டும்.