லண்டன் கால்வாயில் படகைக் கரையில் கட்டும்போது செய்யக்கூடாதவை

ரீஜென்ட்ஸ் கால்வாயில் முதல்முறை நேரோபோட் என்கிற ஒடுங்கிய நீளப் படகை ஓட்டி வருகிறவர்கள் லாக்குகளை, அதாவது நீர்மட்டம் மாறுமிடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். லாக்கில் யாராவது கைகொடுத்துவிடுவார்கள். ஆளை அலைக்கழிப்பது, பொழுது சாயும்போது படகை எங்கே கட்டுவது என்பதுதான். லிட்டில் வெனிஸிலிருந்து லைம்ஹவுஸ் வரை சுமார் 14 கிலோமீட்டர். சரக்குப் படகுகளுக்காக 1820-ல் முழுதாகத் திறந்த கால்வாய். இன்று படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் கரை நெடுகக் கட்டியிருக்கிறார்கள். இருட்டிய பிறகு இடம் தேடாதீர்கள், மதியமே தேடுங்கள்.

நெரிசலான கரையில் காலி இடம் கண்ணில் பட்டதும் ஓடிப்போய்க் கட்டிவிடுவது அடுத்த தவறு. அந்த இடம் காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும்: குடிநீர்க் குழாய், படகு திருப்பும் அகலமான இடம், அல்லது லாக்குக்கு முன்னும் பின்னும் இறங்கி ஏறுவதற்கான கரை. தனியாளாக 18 மீட்டர் படகை ஓட்டி வருகிறவர் அந்தக் கரையில் இறங்கித்தான் லாக்கைத் திறக்க வேண்டும், அங்கே உங்கள் படகு நின்றால் அவர் எங்கே போவார்?

இனி கயிறு. மாட்டுக்கு முளை அடிப்பது போலக் கரையில் இரும்பு முளை அடித்து, முன்கயிறு ஒன்று, பின்கயிறு ஒன்று என்று நேராகக் கட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. இன்னொரு படகு கடக்கும்போது தண்ணீர் உங்கள் படகை முதலில் ஒரு பக்கம் இழுக்கும், அப்புறம் மறுபக்கம் தள்ளும், அந்த ஆட்டத்தில் ஈரமண்ணிலிருக்கும் முளை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். எனக்கு அப்படி ஆனது ஒரு மழை இரவில். விழித்துப் பார்த்தால் படகின் பின்பக்கம் கால்வாயின் நடுவில் குறுக்கே நின்றது. அன்றிலிருந்து முன்கயிற்றை முன்பக்கமாகவும் பின்கயிற்றைப் பின்பக்கமாகவும் சாய்வாக இழுத்துக் கட்டுகிறேன், மண் இளகியிருந்தால் ஒரே இடத்தில் இரண்டு முளைகளைக் குறுக்காக அடிக்கிறேன். கரை இரும்புத் தகடாக இருந்தால் முளையே வேண்டாம், தகட்டின் பின்னால் ஓடும் கம்பியில் கொக்கி மாட்டுவதுதான் உறுதி. கூரையிலிருந்து வரும் நடுக்கயிறு படகை நிறுத்துகிற நேரத்துக்கு மட்டும். இரவு முழுக்க அதை இறுக்கி வைத்தால் ஒவ்வொரு படகு கடக்கும்போதும் உங்கள் படகு சாயும், அடுப்பில் பால் இருந்தால் கொட்டும். கயிற்றை நடைபாதைக்குக் குறுக்கே விடவே கூடாது. முளைத் தலையில் ஒரு வெள்ளை பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், இருட்டில் சைக்கிளில் வருகிறவருக்குத் தெரியட்டும்.

இடமில்லாமல் இன்னொரு படகின் பக்கத்தில் கட்டுவது இங்கே வழக்கம்தான். ஒற்றை வரிசை மட்டும் என்று பலகை இருந்தால் கூடாது. ஆள் உள்ளே இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்தப் பக்கமாக ஏறிக் கடக்கலாம் என்றும் கேளுங்கள். அவர் படகோடு மட்டும் பிணைத்துவிடாமல் கரைக்கும் உங்கள் கயிறுகள் போகட்டும்.

தண்ணீர், கழிப்பறை விஷயத்தில் தண்ணீர் டாங்க் காலியான பிறகோ கழிப்பறை நிரம்பிய பிறகோ இடம் தேடுவதுதான் பெரிய தவறு. கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்பின் வரைபடத்தில் குடிநீர், குப்பை, எல்சன் எல்லாம் குறித்திருக்கும். பல இடங்களைத் திறக்க அவர்களுடைய சாவி வேண்டும், அதில் மிதக்கும் கார்க் ஒன்றைக் கட்டிவையுங்கள். எல்சன் என்பது கழிப்பறைப் பெட்டியைக் கொட்டுகிற இடம். அங்கே பெட்டியைக் கழுவும் குழாயில் குடிநீர் பிடிக்காதீர்கள், உங்கள் குடிநீர் ஹோஸை அங்கே கொண்டுபோகவும் வேண்டாம். பெட்டி இல்லாமல் பெரிய டாங்க் வைத்த படகுக்கு எல்சன் உதவாது, டாங்கிலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட் இயந்திரம் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், ஆகவே அதை முதலிலேயே பாருங்கள். தண்ணீர் நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அதற்காகக் குழாயடியிலேயே படகை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடக்கூடாது.

நிரந்தர இடமில்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாள் வரை நிற்கலாம் என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் எல்லா இடத்திலும் 14 நாள் கிடையாது. சில இடங்களில் பலகை அதைவிடக் குறைவாகச் சொல்லும், சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும். கட்டியதும் முதலில் பலகையைப் படியுங்கள். அப்புறம், இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடக்கூடாது. பேட்டரி ஏற்ற வேண்டுமா, வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். பக்கத்துப் படகில் தூங்குகிறவரின் தலைக்கும் உங்கள் இன்ஜினுக்கும் நடுவே சில அடி தூரம்தான்.