சொந்த சேகரிப்பில் இருக்கும் காமிக்ஸுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

காமிக்ஸ் விமர்சனம் எழுத உட்காரும் பலரும் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஹீரோ இன்னார், வில்லன் இன்னார், கடைசியில் இப்படி ஆகிறது, ஓவியங்கள் அருமை, ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஓவியத்துக்குக் கிடைப்பது 'அருமை' என்ற ஒற்றைச் சொல்தான். அந்தப் பக்கங்களை வரைந்தவர் மாதக்கணக்கில் மேசையைவிட்டு எழுந்திருக்காமல் உழைத்திருப்பார். கதையை மட்டும் சொல்வதென்றால் அதை நாவலாகவே எழுதியிருக்கலாமே, எதற்கு வரைய வேண்டும்? என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் பற்றி ரொம்ப நாளாக எழுதி வருகிறேன். எழுத எழுத எனக்குப் பிடிபட்ட ஒரு வழி இருக்கிறது: புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதை எழுதுவது. கீழே சொல்வதெல்லாம் அதைச் செய்வதற்கான முறைகள்தான்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். உயிருக்கு உயிரான புத்தகத்தை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். அதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும், எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாது. ஓரளவு பிடித்த, ஆனால் ஏன் பிடித்தது என்று இதுவரை யோசித்தே பார்க்காத ஒன்றை எடுங்கள். எழுதும்போதுதான் காரணம் தெரியவரும். அந்தத் தேடல் எழுத்திலும் தெரியும்.

முதல் முறை சும்மா படியுங்கள். குறிப்பு எடுக்காதீர்கள். கதை உங்களை இழுத்துக்கொண்டு போகிறதா, எங்கே இழுவை தளர்கிறது என்பது அந்த முதல் ஓட்டத்தில்தான் தெரியும். அப்புறம் இரண்டாவது முறை. இந்த முறை ஒரு காரியம் செய்யுங்கள்: பேச்சுக் குமிழிகளைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள், யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது படத்திலிருந்தே புரிகிறதா? புரிந்தால் நல்ல ஓவியர். வசனம் இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தால், அந்தக் காமிக்ஸை வசனம்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே விமர்சனத்துக்குப் பாதி விஷயம் கிடைத்துவிடும். கண்ணில் பட்ட இடங்களில் துண்டுக் காகிதம் செருகி வையுங்கள். பென்சிலால்கூடப் பக்கத்தில் எழுத வேண்டாம். பழைய நியூஸ்பிரின்ட் தாளில், அதாவது செய்தித்தாள் அச்சிடும் மலிவான தாளில், அழித்தால் மேல்பரப்பே பெயர்ந்து வந்துவிடும்.

ஒரு புத்தகத்துக்கு ஒரு கட்டத்தையாவது (கோடு போட்டுப் பிரித்த ஒரு படத்தையாவது), முடிந்தால் ஒரு முழுப் பக்கத்தையாவது நிதானமாக எழுதிக் காட்ட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. மற்றதெல்லாம் குறைந்தாலும் பரவாயில்லை, இது குறையக் கூடாது. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்வோம். 1962-இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர், ஓவியர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். இது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விமர்சனத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: கண்ணுக்கே தெரியாத ஒரு ஆளை ஓவியர் எப்படி வரைகிறார்? அந்தக் கட்டங்களை உற்றுப் பாருங்கள். அந்தரத்தில் ஒரு கை. ஆனால் அந்தக் கை எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறது என்பதை வைத்து, அதற்குப் பின்னால் இருக்கும் தோளையும் முதுகையும் நம் கண் தானாகவே போட்டுக்கொள்கிறது. எதிரில் இருப்பவர்களின் பார்வையும் இதில் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் வெற்றிடத்தைப் பார்த்து மிரளும்போது ஆள் அங்கே நிற்பதை நாமும் நம்புகிறோம். அப்புறம் அந்தக் கருமை. பிளாஸ்கோ நிழல்களை அள்ளிக் கொட்டுவார். பாதி கட்டம் இருட்டாக இருப்பதால்தான் வெளிச்சம் படும் உலோக விரல்கள் அப்படி மின்னுகின்றன. இதைத்தான் எழுத வேண்டும். 'சித்திரங்கள் கண்ணைக் கவர்ந்தன' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் போய்ச் சேராது.

வண்ணத்துக்கும் இப்படித்தான். லக்கி லுக் என்ற நகைச்சுவைக் கௌபாய் கதைகளில் ஒரு கூட்டம் நின்றால், ஓவியர் மோரிஸ் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே நிறத்தில் அடித்துவிடுவார். பத்து பேரும் மஞ்சள், அல்லது பத்து பேரும் நீலம். முகம், சட்டை, தொப்பி எல்லாம் ஒரே பூச்சு. சோம்பேறித்தனம் என்று தோன்றும். இன்னொரு தடவை பாருங்கள்: அந்த ஒற்றை நிறம் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, முழு வண்ணத்தில் நிற்கும் நாயகனை முன்னால் கொண்டுவருகிறது. நம் கண் எங்கே போக வேண்டும் என்பதை ஓவியர் அப்படித் தீர்மானிக்கிறார். உங்கள் புத்தகத்தில் இப்படி ஏதாவது ஒரு பழக்கம் அந்த ஓவியருக்கு இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், உங்கள் விமர்சனத்தைப் படித்தவர் தன்னிடம் இருக்கும் பிரதியைப் போய் எடுப்பார்.

கதையின் ஓட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அது முதலில் எந்த வடிவத்தில் வந்தது என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் எழுதப்படும் குறைகள் ஏராளம். மாடஸ்டி பிளைஸி, ரிப் கெர்பி, வேதாளர், மாண்ட்ரேக் என்று நாயக நாயகியரின் பெயரில் வந்த தொடர்களெல்லாம் நாளிதழ்களில் தினமும் மூன்று நான்கு கட்டங்களாக வந்தவை. நேற்றைய பேப்பரைத் தவறவிட்டவருக்கும் புரிய வேண்டும் என்பதால், நேற்று நடந்ததை இன்றைய முதல் கட்டம் லேசாக நினைவுபடுத்தும். கடைசிக் கட்டம் நாளைக்குப் பேப்பர் வாங்க வைக்கும். இதையே தொகுத்துப் புத்தகமாகப் படிக்கும்போது, 'சொன்னதையே திரும்பச் சொல்கிறார்களே' என்று நமக்கு அலுப்பு வருகிறது. கதாசிரியருக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 'தினசரித் தொடராக வந்தது, ஒரே மூச்சில் படித்தால் கொஞ்சம் அலுப்புத் தட்டும், பத்துப் பத்துப் பக்கமாகப் படியுங்கள்' என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட, படிப்பவருக்கு உபயோகமும்கூட. வார இதழ்த் தொடர்களில் சில பக்கங்களுக்கு ஒரு முறை நாயகன் சாவின் விளிம்புக்குப் போய்வருவதும் இதே காரணத்தால்தான். ஆல்பமாகவே, அதாவது முழுக் கதையும் ஒரே புத்தகமாக, திட்டமிட்டு வரையப்பட்ட ஐரோப்பியக் கதைகளுக்கு இந்தச் சலுகையைத் தர வேண்டியதில்லை. அவற்றில் நடுவில் கதை தொய்ந்தால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

யார் வரைந்தது என்பதை எழுதாமல் விடாதீர்கள். பழைய பதிப்புகள் பலவற்றில் படைப்பாளிகளின் பெயரே இருக்காது. கட்டங்களின் ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தொடரில் ஓவியர் மாறுவதையும் கவனியுங்கள். மாடஸ்டி 1963-இல் பீட்டர் ஓ'டானலின் எழுத்திலும் ஜிம் ஹோல்டவேயின் ஓவியத்திலும் தொடங்கியது. 1970-இல் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோல்டவே இறந்துபோனார். அதே கதையை என்ரிக் ரொமேரோ எடுத்துத் தொடர்ந்தார். ரிப் கெர்பியை 1946-இல் தொடங்கிய அலெக்ஸ் ரேமண்ட் 1956-இல் கார் விபத்தில் இறந்ததும் ஜான் பிரென்டிஸ் வந்தார். உங்கள் சேகரிப்பில் இரண்டு பேருடைய புத்தகங்களும் இருந்தால் அவ்வளவு நல்ல வாய்ப்பு வேறு கிடையாது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்து, அதே கதாபாத்திரத்தின் தாடையையும் விரல்களையும் நிற்கும் விதத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள். எனக்கு ஹோல்டவேயின் மாடஸ்டிதான் மாடஸ்டி. அவர் வரைந்த முகத்தில் ஒரு களைப்பும் ஒரு நிதானமும் சேர்ந்து இருக்கும். ரொமேரோவின் மாடஸ்டி அழகி, அது எனக்குப் போதவில்லை. உங்களுக்கு நேர்மாறாகத் தோன்றலாம், தாராளமாக எழுதுங்கள். எந்தக் கட்டத்தைப் பார்த்து அப்படித் தோன்றியது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்புக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். நாம் படித்தது தமிழ் வசனத்தைத்தானே. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுற்றும் கௌபாய் எந்தத் தமிழ் பேசுகிறான்? ஷெரீபும் கொள்ளைக்காரனும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களா? ஒரு நல்ல வசனத்தை அப்படியே எடுத்துக் காட்டுங்கள், ஒரு மோசமானதையும். குமிழிக்குள் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். தமிழில் சொற்கள் நீளம், குமிழியின் அளவோ வேற்று மொழிக்காகப் போட்டது. அந்த இடத்துக்குள் விஷயத்தை விடாமல் சுருக்கிச் சொல்வது பெரிய திறமை, அதைச் செய்தவரைப் பாராட்டாமல் கடக்கக் கூடாது. நகைச்சுவைக் கதை என்றால் இன்னும் கூர்மையாகக் கவனிக்க வேண்டும். வசனத்தில் இருந்த சிரிப்பு செத்துப்போய்ப் படத்தில் இருக்கும் சிரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்பதைக் குமிழியை மறைத்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய நினைவுகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் படித்தது, லீவில் படித்தது என்றெல்லாம் எழுதத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. எழுதுங்கள், ஆனால் இரண்டு மூன்று வரியோடு விட்டுவிட்டு, 'இப்போது படித்தால்?' என்ற கேள்விக்கு வந்துவிடுங்கள். உங்கள் நினைவு உங்களுடையது, படிப்பவருக்கு அந்தப் புத்தகம் புதிது. இப்போது படிக்கும்போது உறுத்தும் விஷயங்களும் வரும். காட்டில் வாழும் முகமூடி நாயகனான வேதாளரின் கதை 1936-இல் தொடங்கியது. பழைய கதைகளில் காட்டுவாசிகளைக் காட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள்: ஒரு வெள்ளைக்காரரைச் சாகாதவராக நம்பிப் பணியும் அப்பாவிகள். பழைய வெஸ்டர்ன்களில், அதாவது கௌபாய் கதைகளில், செவ்விந்தியர்கள் அம்பு விட்டுச் சாவதற்கென்றே வருவார்கள். அந்தத் தொடர்களை நேசிப்பவன் என்பதாலேயே இதை மறைக்காமல் எழுதுகிறேன். எந்தப் பக்கத்தில் உறுத்தியது என்று சொல்லிவிட்டு, அதே புத்தகத்தில் பிடித்ததையும் சொல்லலாம். இரண்டும் ஒரே விமர்சனத்தில் இருக்க இடமுண்டு.

பிரதியின் நிலைமைக்கு ஒரு வரி போதும். தாள் பழுத்திருக்கிறது, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றிருக்கிறது, மறுபதிப்பா முதல் பதிப்பா, அவ்வளவுதான். பக்கம் ஏதாவது இல்லையென்றால் மட்டும் விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நான்கு பக்கம் இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு முடிவு சரியில்லை என்று எழுதுவது நியாயமாகாது. அச்சில் கருப்பு மை அப்பி ஓவியம் தெரியாமல் போயிருந்தால் அது அச்சின் குற்றம், ஓவியரின் கணக்கில் எழுதாதீர்கள்.

கதைச் சுருக்கம் எவ்வளவு சொல்லலாம்? முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். துப்பறியும் கதை என்றால் அதைவிடக் குறைவு. படம் போடுவதென்றால் அட்டையும், நீங்கள் விளக்கி எழுதிய அந்த ஒரே கட்டமும் போதும். பக்கம் பக்கமாகப் போட்டால் புத்தகத்தையே கொடுத்துவிட்ட மாதிரி ஆகும்.

மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு வெஸ்டர்னுக்கும் ஒரு கார்ட்டூன் கதைக்கும் ஒரே அளவுகோலில் எண் போட்டு யாருக்கு என்ன பயன்? அதற்குப் பதிலாக, யார் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுப்பேன் என்று எழுதுகிறேன். மாதிரிக்கு ஒன்று:

'இரும்புக்கை மாயாவியின் ஆரம்பக் கதையில் ஆள் நல்லவர் கிடையாது. மறைந்து போகும் சக்தி கிடைத்ததும் முதலில் திருடத்தான் கிளம்புகிறார். பின்னாளில் உளவாளியாக வரும் மாயாவியை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், எனக்கோ இந்த ஆள்தான் சுவாரசியம். கதை தாவித் தாவி ஓடுகிறது, வாரத் தொடரின் அவசரம். அறிவியல் விளக்கங்களைக் கேள்வி கேட்காமல் தாண்டிவிடுங்கள். இருட்டான கட்டங்களில் அந்தக் கை மட்டும் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து நின்று பாருங்கள். சூப்பர் ஹீரோ என்றாலே பளபளப்பான வண்ணம் என்று நினைக்கும் பிள்ளைகள் கையில் இதைக் கொடுப்பேன், கூடவே உட்கார்ந்து நானும் படிப்பேன்.'

இவ்வளவுதான் நீளம், எழுத ஒரு சாயங்காலம் போதும். எழுதியதை உடனே வெளியே விடாமல் ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 'அருமை', 'அட்டகாசம்', 'வேற லெவல்' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அது எந்தப் பக்கத்தைப் பார்த்து வந்த சொல்லோ அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். செருகி வைத்த துண்டுக் காகிதங்கள் அப்போதுதான் கைகொடுக்கும், அதனால் எழுதி முடிக்கும்வரை அவற்றை உருவிவிடாதீர்கள்.