பழைய கோல்ஃப் கார்ட் மேட்டில் திணறுகிறதா? மோட்டாரைக் கழற்றுமுன் கவனிக்க வேண்டியவை

சமதளத்தில் நன்றாக ஓடுகிற பழைய எலெக்ட்ரிக் கோல்ஃப் கார்ட் மேட்டில் திணறினால் எல்லாருடைய சந்தேகமும் முதலில் மோட்டார் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் மோட்டாரில் குறை இருக்காது; அதற்குப் போய்ச் சேர வேண்டிய கரன்ட் வழியிலேயே வீணாகிக்கொண்டிருக்கும். இழுவையைத் தருவது ஆம்பியர். சமதளத்தில் 50, 60 ஆம்பியரில் ஓடும் வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் 200க்கு மேல் கேட்கும். மறைந்திருந்த பலவீனமெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

1990களில் வந்த 36 வோல்ட் ஈ-இசட்-கோ கம்பெனி வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு மொத்தம் 38.2 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து, 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. நிற்கும் வண்டியில் நொந்துபோன பேட்டரியும் நல்ல வோல்ட் காட்டும். மீட்டர் வயரை நீளமாக இழுத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, முழு ஆக்சிலரேட்டரில் மேடேறும்போது ஒவ்வொரு பேட்டரியாக அளக்கச் சொல்லுங்கள். ஐந்து 5.7ல் நிற்க, ஒன்று மட்டும் 4.5க்கு இறங்கினால் கோளாறு அதில்தான். ஆனால் ஐந்து வருடம் ஓடிய செட்டில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். பழையவற்றோடு சேர்ந்து புதியதும் சீக்கிரம் கெடும். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் விடலாம்.

அடுத்தது கேபிள். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் குறைந்த செலவில் நிறைய பலன் கிடைப்பது இங்கேதான். ஒரே ஒரு மில்லிஓம் தடை இருந்தாலும் 300 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்தில் 90 வாட் வெப்பமாகப் போய்விடும். மேடேறி முடித்ததும் வண்டியை அணைத்து, ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிற லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) எதுவோ, அங்கேதான் இழுவை வீணாகிறது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். 6 கேஜ் கேபிள் இருந்தால் எல்லாவற்றையும் அதைவிடத் தடிமனான 2 கேஜுக்கு மாற்றுங்கள் (எண் குறையக் குறைய கேபிள் தடிமன் கூடும்). இந்த வேலைக்கு முன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிட்டு, ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது கட்டாயம்.

'48 வோல்ட்டுக்கு மாத்திட்டா பறக்கும்' என்று சொல்வார்கள். வோல்ட் கூடினால் முக்கியமாகக் கூடுவது வேகம். மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 275 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும் என்றால், நின்ற இடத்திலிருந்து மேடேறும் இழுவை அப்படியேதான் இருக்கும். போதாக்குறைக்கு சார்ஜர், சாலினாய்டு (பேட்டரி கரன்டை இணைத்துவிடும் பெரிய சுவிட்ச்), கன்ட்ரோலர் எல்லாம் 48க்கு ஏற்றதாக மாற வேண்டும். அந்தப் பணத்தில் 36 வோல்ட்டிலேயே 400 ஆம்பியர் கன்ட்ரோலரும் கனமான சாலினாய்டும் போடுவதே என் பரிந்துரை. வாங்குமுன் மோட்டார் முனைகளைப் பாருங்கள். எஸ்1, எஸ்2 என்று இருந்தால் சீரிஸ் மோட்டார்; அதில் ஒரே கரன்ட்தான் ஆர்மேச்சர், ஃபீல்டு என்ற இரண்டு சுருள்களிலும் பாயும். எஃப்1, எஃப்2 என்று மெல்லிய வயர் போனால் செப்எக்ஸ்; அதில் ஃபீல்டு சுருளுக்குத் தனியாக கரன்ட் போகும். ஒன்றின் கன்ட்ரோலர் மற்றதற்கு ஆகாது.

18 அங்குல டயரைக் கழற்றி 22 அங்குலம் போட்டால் இழுவையில் சுமார் 18 சதவீதம் போய்விடும். அழகுக்காகப் போட்டவர்கள் பழைய டயருக்குத் திரும்பினாலே வித்தியாசம் தெரியும். லித்தியம் போட்டால் எடை நன்றாகவே குறையும். ஆனால் அதன் பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) 100 ஆம்பியர்தான் தாங்கும் என்றால் நடு மேட்டில் மொத்தமாக அணைந்துவிடலாம். இன்னும் பழைய, வேகத்தைக் குறைக்க கன்ட்ரோலருக்குப் பதில் ரெசிஸ்டர் காயில் வைத்த வண்டிகளில் அரை மிதியில் மேடேறக் கூடாது. காயில் பழுக்கக் காயும், இழுவையும் அதிலேயே போகும்.

கடைசியாக, நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பின் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்த கன்ட்ரோலரும் உதவாது. பழைய சீரிஸ் மோட்டார் வண்டி இறக்கத்தில் தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தாது. பெரும்பாலும் பின்சக்கர டிரம் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். கூடுதல் ஆம்பியர் கொடுக்குமுன் அந்த பிரேக் ஷூவைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.