திருகோணமலையில் ஒரு நாள்: விடியமுன் வெளிக்கிடுங்கள்

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருபவர்களில் பலர் திருகோணமலையை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ காலையில் வெளிக்கிட்டு, உச்சி வெயிலில் கோணேசர் கோயிலுக்கு ஏறி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இரண்டு வாளி அள்ளி ஊற்றி, மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பிவிடுவார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் வந்தோம். கோயில் வீதியில் கால் சுட்டது ஒன்றுதான் பிள்ளைகளின் மனதில் நின்றது. அதனால் உங்களிடம் முதலில் சொல்வது இதுதான்: முந்தின நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள். நகரத்துக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் எல்லா வசதிக்கும் ஏற்ற தங்குமிடங்கள் இருக்கின்றன.

காலை ஐந்தரைக்கெல்லாம் கோட்டை வாசலில் நில்லுங்கள். கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. உள்ளே இராணுவம் இருக்கிறது. முகாமையும் சிப்பாய்களையும் படம் எடுக்காதீர்கள். வழியில் புள்ளிமான்கள் மனிதருக்குப் பயமில்லாமல் பக்கத்திலேயே வரும். பிள்ளைகள் கையில் பிஸ்கட் பையைக் கண்டால் பையோடு இழுக்கும். பிளாஸ்டிக்கைத் தின்றால் அவற்றின் வயிற்றுக்குக் கூடாது, ஆகவே எதையும் நீட்டாமல் பார்த்துக்கொண்டு நடப்பதே நல்லது.

கோணேசர் மலையில் சூரியன் கடலுக்குள் இருந்து எழுவதைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போங்கள். பாடல் பெற்ற தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். 1950 இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் இருந்து விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடியபோது பழைய கோயிலின் கற்தூண்களையும் சிற்பத் துண்டுகளையும் கண்டார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயிலுக்கு 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது. இதைப் பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். மலை விளிம்பில் நின்று, கீழே அலை அடிக்கும் பாறையைக் காட்டிச் சொல்லுங்கள். இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டையும் அங்கேயே பார்க்கலாம். பக்கத்து மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டித் தொங்கும். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் கட்டியவை. காற்று அடிக்கும்போது எல்லாம் ஒன்றாக ஆடுவதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

உடுப்பு விஷயம்: வேட்டி, சேலை, பஞ்சாபி எதுவும் சரி. அரைக்காற்சட்டையும் கையில்லாச் சட்டையும் வேண்டாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பிறகு பின்னேரம்தான் திறப்பார்கள்.

இறங்கி வந்து நகரத்தில் இடியப்பமும் சொதியும், அல்லது தோசை சாப்பிட்டுவிட்டு நிலாவெளிப் பக்கம் திரும்புங்கள். பஸ் இருக்கிறது. ஓட்டோ என்றால் முழு நாளுக்கும் சேர்த்து, ஏற முன்னமே காசைப் பேசிவிடுங்கள். போகும் வழியில் உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் இருக்கிறது. பத்து நிமிடம் நின்று பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்காக உலகம் எவ்வளவு அடிபட்டது என்று விளங்கும். 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன.

நிலாவெளிக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போவதா இல்லையா என்பதை மாதம்தான் தீர்மானிக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. மார்கழி, தை விடுமுறையில் வருபவர்கள் இதை எதிர்பார்க்காதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். யாராவது படகு விடுகிறேன் என்றாலும் பிள்ளைகளோடு ஏறாதீர்கள். தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. நம் பூர்வீகம் இதுவென்றாலும் கையில் உள்ள கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் கட்டணம், வெளிநாட்டவருக்கு நல்ல வித்தியாசம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதற்கான அத்தாட்சியை எடுத்துச் செல்லுங்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே நிற நிறமான மீன்கள், சில நேரம் சின்னச் சுறாக்கள்கூடத் தெரியும். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) மட்டும் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துவிடும்.

கடல் சரியில்லை என்றால் கவலை வேண்டாம். சாம்பல்தீவுப் பக்கம் கடற்கரையிலேயே இருக்கும் சல்லி அம்மன் கோயிலுக்குப் போங்கள். கரைவலை இழுக்கும் காலத்தில் வருபவர்களுக்கு என் விருப்பம் வேறு. காலையில் இந்தக் கரையோரத்தில் ஆட்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். அப்பு, ஐயா என்று மரியாதையாகக் கேட்டால் கயிற்றில் ஒரு பிடி தருவார்கள். லண்டனில் பிறந்த என் மருமகன் ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மீன் விலை பற்றி அதற்குப் பிறகு அவன் முறையிட்டதில்லை.

மத்தியானம் சோறும் மீன் குழம்பும், கணவாய் கிடைத்தால் அதுவும். பன்னிரண்டில் இருந்து மூன்று வரை எங்கும் போகாதீர்கள். வயதான அம்மா அப்பாவோடு வருபவர்கள் இந்த ஓய்வைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கன்னியா. நகரத்தில் இருந்து சுமார் 8 கிலோமீட்டர். இறங்கி நீந்தலாம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டியதுதான். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. பிள்ளைகள் விரலை வைத்துக் கிணறு கிணறாக ஓடுவார்கள். ஆனால் இது விளையாட்டிடம் மட்டும் இல்லை. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய ஊற்றுகள் என்பது நம்பிக்கை. இறந்தவர்களுக்கான கிரியைகளைச் சனங்கள் இங்கே வந்து செய்வார்கள். வெளிநாட்டில் இருந்ததால் தகப்பன் தாயின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவர்கள் நம்மில் எத்தனை பேர். அந்தக் கடன் மனதில் கிடந்தால் கன்னியாவுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஐந்தரைக்கு நகரத்துக்குத் திரும்பி, கோட்டைக்குக் கீழே டச்சுக்குடாக் கடற்கரையில் உட்காருங்கள். ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாக வரும். கச்சான் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களோடு கதையுங்கள். "எந்த ஊர்?" என்று கேட்பார்கள்; அப்பாவின் ஊரைச் சொல்லிப் பாருங்கள், யாரோ ஒருவருக்கு அங்கே சொந்தம் இருக்கும்.

இரவு ரயிலில் கொழும்பு போவதானால் இருக்கையை முன்னமே பதிந்துவிடுங்கள். அப்புறம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்காமல் போகாதீர்கள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் பத்திரம்.