டின் காளானில் மிளகு வறுவல்

டின் காளானையும் பச்சைக் காளான் போல நினைத்து வெங்காயம் தக்காளியோடு போட்டு வதக்கினால், உப்புக் கரிக்கும், சவசவ என்று இருக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். வீட்டில் யாரும் இரண்டாவது கரண்டி கேட்கவில்லை.

டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்த காளான். டின்னை மூடிய பிறகு 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கித்தான் கிருமிகளைக் கொல்கிறார்கள். ஆகவே நாம் வேகவைக்க ஒன்றுமில்லை. தண்ணீரை விரட்டி நிறம் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தேவை: 400 கிராம் பட்டன் காளான் டின் 1, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். தண்ணீரை வடித்தால் எடையில் ஏறக்குறைய பாதிதான் தேறும். இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

1. முதலில் டின்னைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. கெட்டுப்போன டின்னில் கிருமி உண்டாக்கும் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சு ருசியில் தெரியாது.

2. வடிகட்டியில் கொட்டி, குழாயடியில் இரண்டு முறை அலசுங்கள். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். இன்னும் கரித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுக்கலாம். பிறகு இரண்டாக நறுக்கி, பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிட்டால் வறுவல் கிடைக்காது, கூட்டுதான் கிடைக்கும்.

3. இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும், எண்ணெய் விடாமல் காளானை ஒரே அடுக்காகப் போடுங்கள். முதலில் 'உஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கும்வரை கிளறாதீர்கள். அப்புறம் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஓரம் சிவந்ததும் எடுத்து வையுங்கள். இவ்வளவு நேரம் வைத்தால் குழைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நண்டு, இறால் ஓட்டில் இருக்கிற கைட்டின்தான் காளானிலும் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அது கரையாது.

4. அதே வாணலியில் மீதி எண்ணெயை விட்டு சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, தட்டிய பூண்டையும் வெங்காயத்தையும் பொன்னிறமாக வதக்குங்கள். காளானைச் சேர்த்து, கொரகொரப்பாகப் பொடித்த மிளகைத் தூவி, இரண்டு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். உப்பு? ருசி பார்த்துவிட்டுக் கடைசியில். எனக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கண்ணாடி பாட்டிலில் வருவது உப்புத் தண்ணீரில் போட்டதென்றால் இதே முறைதான். வினிகரில் ஊறியதென்றால் இந்த வறுவலுக்கு வேண்டாம். எவ்வளவு அலசினாலும் புளிப்பு போகாது, சாலட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி டின் மிஞ்சினால் டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மூடியுள்ள கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.