லூரை வைக்கிங் தலையில் கட்டாதீர்கள்

கொம்பு என்றதும் மட்டக்களப்பில் பலருக்கு நினைவு வருவது கண்ணகை அம்மன் கோயில் கொம்பு விளையாட்டுத்தான்: வடசேரி, தென்சேரி என்று பிரிந்து மரக்கொம்பைக் கொளுவி இழுப்பது. நான் சொல்ல வந்தது ஊதுகிற கொம்பு, டென்மார்க்கின் லூர். லுர்பாக் பட்டர் பெட்டியில் இரண்டு வளைந்த குழல்கள் இருக்குமே, அதுதான்.

இதைப் பற்றி எழுதும்போது வரும் பெரிய பிழை, வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) கொம்பு என்பது. வைக்கிங் காலம் தொடங்குவதே கி.பி. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில். லூர் வெண்கலக் காலத்துச் சாமான், இடையில் 1000 வருடத்துக்கு மேல் இருக்கிறது. வைக்கிங்குக்கு மாட்டிவிடுகிற கொம்புத் தொப்பியும் இதே கதைதான், டென்மார்க்கின் வீக்சோவில் 1942இல் கிடைத்த கொம்புத் தொப்பிச் சோடியும் வெண்கலக் காலத்தது.

பித்தளை என்றும் எழுதாதீர்கள். செம்போடு நாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். சின்ன விசயம் போல இருக்கும், ஆனால் அந்தச் சமூகத்தைப் பிடிக்கிற நுனியே இதுதான், ஏனென்றால் அந்தக் காலத்து டென்மார்க்கில் செம்பும் வெள்ளீயமும் தோண்டி எடுக்கவில்லை, எல்லாம் தூரத்திலிருந்து வந்தவை, அங்கிருந்து தெற்கே போனது அம்பர், அதாவது கல்லாய் இறுகிய பழைய மரப்பிசின். அப்படி வாங்கிய உலோகத்தை, மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி விட்டு, துண்டு துண்டாக மெல்லிசாக வார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கைதேர்ந்த கம்மாளர் வேண்டும், அவர்களுக்குச் சோறு போட வசதியுள்ள தலைவர்களும் வேண்டும்.

சரி, அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை என்ன செய்தார்கள்? சதுப்பில் இறக்கிவிட்டார்கள். தவறி விழுந்தது என்று நினைக்க வேண்டாம். 1797இல் டென்மார்க்கின் புரூடவெல்ட சதுப்பில் கிடைத்தவை ஆறு, அதாவது மூன்று சோடி. மாட்டின் இரு கொம்பு போல ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம் முறுகியிருக்கும். ஒன்றை மட்டும் படம் போட்டு 'போர்க்கொம்பு' என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். எனக்கென்னவோ இது சாமிக்குக் கொடுத்த நேர்த்தி மாதிரித்தான் தெரிகிறது.

வாய் வைக்கும் பகுதி ட்ரம்போன் என்ற இன்றைய ஊதுகருவியுடையதைப் போலிருப்பதால் இன்றைய கலைஞர்கள் லூரில் பாட்டே வாசித்துவிடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு வெண்கலக் கால இசை என்று பகிராதீர்கள், மெட்டு இன்றையது. எனக்குப் பிடித்தது வேறு: சில லூர்களில் வாய்ப்பக்கம் சின்னத் தகடுகள் தொங்கும், அசைத்தால் சலங்கை போலக் கிலுகிலுக்கும்.