வீடு சூடாகவில்லையா? தெர்மோஸ்டற்றைக் கழற்றுவதற்கு முன்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபுறோ, மார்க்கம் பக்கங்களில் எரிவாயு ஃபர்னஸ், அதாவது வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் இயந்திரம், திருத்துவது என் தொழில். ஜனவரி பிறந்துவிட்டால், "தம்பி, தெர்மோஸ்டற் பழுதாகிவிட்டது, புதிதாக ஒன்று போட்டுத் தரவேண்டும்" என்றுதான் பலர் தொலைபேசியில் பேச்சைத் தொடங்குவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் தெர்மோஸ்டற் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். அறை குளிர்ந்தால் இரண்டு வயர்களை இணைக்கும், போதிய சூடு வந்ததும் பிரிக்கும். மிச்ச வேலையெல்லாம் கீழே பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், ஃபர்னஸில் நடக்கிறது. வயதானவர்கள் இரவு முழுவதும் கம்பளிக்குள் நடுங்கியிருந்துவிட்டு, ஃபர்னஸின் கதவைச் சரியாக மூடுவதற்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

திரையில் எழுத்தே தெரியவில்லை என்றால் முதலில் பற்றரி. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போடாதீர்கள். பற்றரி இல்லாத வகை என்றால் அதற்கு மின்சாரம் ஃபர்னஸிலிருந்துதான் வருகிறது, ஆகவே கீழே இறங்குங்கள். ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ற் படிக்கட்டின் தலைப்பிலோ விளக்கு சுவிட்ச் போலவே ஒன்று இருக்கும். பல வீடுகளில் அதன் தகடு சிவப்பாக இருக்கும். விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அதுவும் சரி, மின்பெட்டியிலுள்ள பிரேக்கரும் சரி என்றால் ஃபர்னஸின் கதவைப் பாருங்கள். கீழ்க் கதவுக்குப் பின்னால், விரல் நுனி அளவில் ஒரு பொத்தான் இருக்கிறது. கதவு அதை முழுதாக அழுத்தினால்தான் மின்சாரம் ஓடும். கதவின் அடி விளிம்பு பள்ளத்தில் உட்காராமல் சற்று வெளியே நின்றாலும் எல்லாம் செத்துப்போகும். காற்றை வடிக்கும் ஃபில்டரை மாற்றிய அன்றே திரை இருண்டதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கதவைத் தூக்கி, அடியை முதலில் பொருத்தி, பிறகு மேலே அழுத்துங்கள்.

அதற்கும் உயிர் வராவிட்டால், மின்சாரத்தை அணைத்துவிட்டு ஃபர்னஸின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள். கார்களில் வருவது போன்ற சிறிய பியூஸ் ஒன்று அதில் செருகியிருக்கும். ஊதா என்றால் 3 அம்பியர், வெளிர் பழுப்பு என்றால் 5. உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவில் ஒன்று வாங்கிப் போடலாம். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ வயர் ஒன்றோடொன்று முட்டுகிறது. பல சமயம் வெளியே ஏசிக்குப் போகும் வயரைப் புல் வெட்டும் இயந்திரம் அறுத்திருக்கும். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம், பலகையே கருகிவிடும்.

திரை தெரிகிறது, சூடு வரவில்லை என்றால் முறை 'ஹீட்'டில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் 'கூல்'லுக்கு மாற்றியதைத் திருப்பாமல் விட்ட வீடுகள் உண்டு. பிறகு, அறையின் இப்போதைய அளவைவிட 3 பாகை கூட்டி வைத்துவிட்டு ஃபர்னஸின் அருகில் போய் நில்லுங்கள். முதலில் ஒரு சிறு விசிறி உறுமும், அடுத்துப் பற்றவைக்கும் கம்பி சிவக்கும், நெருப்புப் பிடிக்கும், அதன் பின்னரே பெரிய விசிறி சுழலும். இவற்றில் ஏதாவது நடந்து இடையில் நின்றால் தெர்மோஸ்டற் தன் கடமையைச் செய்துவிட்டது. அழுக்கு ஃபில்டரையும், ஃபர்னஸின் காற்றும் புகையும் போய்வர வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பனிப்புயலுக்கு மறுநாள் வரும் அழைப்புகளுக்கு அந்தக் குழாய்களே முக்கியக் காரணம்.

குளிர்காற்று வருகிறது என்று சிலர் பதறுவார்கள். தெர்மோஸ்டற்றில் விசிறி 'ஒன்' (On) என்ற நிலையில் இருந்தால் நெருப்பு இல்லாத நேரத்திலும் காற்று ஓடும். 'ஓட்டோ'வுக்கு மாற்றினால் பெரும்பாலும் போதும்.

ஃபர்னஸ் அசையவே இல்லையென்றால் ஒரு சோதனை இருக்கிறது. மெல்லிய வயர்கள் கொண்ட 24 வோல்ட் அமைப்புக்கு மட்டுமே இது பொருந்தும். சுவரில் தடித்த வயர்கள் தெரிந்தால் அது 240 வோல்ட் மின்சூடேற்றியாக இருக்கலாம், தொடவே வேண்டாம். ஃபர்னஸை அணையுங்கள். தெர்மோஸ்டற்றின் முகத்தைக் கழற்றுங்கள். ஆர் (R) என்று எழுதிய இடத்தையும் டபிள்யூ (W) என்று எழுதிய இடத்தையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்துவிட்டு ஃபர்னஸைப் போடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஃபர்னஸ் எரியத் தொடங்கினால் தெர்மோஸ்டற் பழுது, புதிது வாங்கலாம். எரியாவிட்டால் வாங்குவது வீண் செலவு. சோதனை முடிந்ததும் அணைத்துவிட்டு வயர்த் துண்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபர்னஸ் நிற்காமல் எரியும்.

தெர்மோஸ்டற் 23 காட்டுகிறது, வீடோ குளிர்கிறது என்றால் அது மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். கீழே சாமித்தட்டில் விளக்கு எரிகிறதா, தொலைக்காட்சி இருக்கிறதா, மாலை வெயில் படுகிறதா? குளிராகக் காட்டினால் பெட்டியைக் கழற்றி, வயர் வரும் ஓட்டைக்கு நேரே விரலை வையுங்கள். சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று தெளிவாகப் படும். ஓட்டையைப் பூசும் பசையால் அடைத்தால் போதும்.

இணையத்தோடு இணையும் புதிய வகை அடிக்கடி அணைந்தால், அதற்கு ஓயாமல் மின்சாரம் கிடைக்க வைக்கும் சி (C) என்ற வயர் இணைக்கப்படவில்லை என்று சந்தேகியுங்கள். சுவருக்குள் பெரும்பாலும் நீல வயர் ஒன்று சும்மா சுருண்டு கிடக்கும். அதைத் தெர்மோஸ்டற், ஃபர்னஸ் என்ற இரு முனைகளிலும் இணைக்க வேண்டும். பாதரசக் குமிழ் கொண்ட பழைய வட்டத் தெர்மோஸ்டற்றைக் கழற்றினால் குப்பையில் போடாதீர்கள், நச்சுக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

பேஸ்மென்றில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்மாடிக் கூடத்தில் இருக்கும் தெர்மோஸ்டற்றுக்குக் கீழே இருக்கும் குழந்தையின் குளிர் தெரியாது. ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீடு 21 பாகைக்குக் குறையக்கூடாது. கீழேயும் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

எரிவாயு மணம் வந்தாலோ கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கை ஒலித்தாலோ எதையும் சோதிக்க வேண்டாம். எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியை அழையுங்கள். மற்ற வேளைகளில் ஆளைக் கூப்பிடும்போது, ஃபர்னஸ் பலகையிலுள்ள சிறு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். அதன் பொருள் கதவின் உட்புறம் ஒட்டிய அட்டையில் அச்சிட்டிருக்கும். சரியான உதிரிப்பாகத்தோடு வந்தால் வேலை ஒரே வரவில் முடியும். வருபவரிடம் ஒன்ராறியோ எரிவாயு உரிம அட்டையைக் கேட்டுப் பாருங்கள். உரிமம் உள்ளவர் தயங்காமல் காட்டுவார்.